ஏகாதசிக்கு ஒரு பாஸ்வேர்டு

மாமி ஒரே பஸ் ஸ்டாப்பில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல இறங்க மாட்டார். வீடு ஸ்ரீரங்கம் உத்திர வீதியில். இன்றைக்கு ராஜகோபுரத்தில் இறங்கினால் நாளைக்கு அம்மா மண்டபத்தில் இறங்கி நடப்பார். மறுநாள் திருவானைக்காவலிலேயே இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்பார். வாசல் பூட்டை அடிக்கடி மாற்றுவார். மாற்றுச் சாவி ஒரு வாரம் துளசி மாடத்தில், ஒரு வாரம் செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில். எந்த வாரம் எங்கே என்று அவருக்கே மறந்துபோய், வாசலில் நின்றுகொண்டு எனக்கு போன் செய்வார். பாலக்கரையில் இருக்கிற எனக்கு அவர் வீட்டுச் சாவி எப்படித் தெரியும்? ஆனாலும் கேட்பார்.

"உங்க வீட்டுக்கு நீங்களே திருட்டுத்தனமா போறீங்க மாமி" என்று கேலி செய்வேன்.

"சிரி, நன்னா சிரி. ஓடற தண்ணியிலே பாசி பிடிக்காதுடி. ஒரே இடத்துலே நின்னாதான் வழுக்கும்" என்பார்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு செருப்புக்கடை மாடியில் இருந்தது நானும் மாமியும் வேலை பார்த்த டிராவல்ஸ். முதலாளியை ஹாஜியார் என்போம். வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கும் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிறவர்களுக்கும் விமான டிக்கெட் போடுவது என் வேலை. மாமிக்கு ரயில். காசி, பத்ரி, துவாரகை என்று ஸ்ரீரங்கத்துக்காரர்கள் யார் யாத்திரை கிளம்பினாலும் மாமியின் மேஜைக்குத்தான் வருவார்கள். ஊரையே ரயிலேற்றி அனுப்பிய மாமி திருப்பதிக்கு அப்பால் போனதில்லை. புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஒரே பெண்ணை வளர்த்து ஆளாக்கி முடிப்பதற்குள் முழங்கால் போய்விட்டது.

அந்த ஏக்கத்துக்கு மாமி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பெருமாள் கோயில்களில் நூற்றெட்டு திவ்யதேசம் என்று ஒரு வரிசை உண்டு. முதலில் திருவரங்கம், அப்புறம் உறையூர் என்று போகும். மாமி அதிலிருந்து ஒவ்வொரு ஊராக எடுத்து, ரயில் டிக்கெட் போடுகிற கணக்குக்கு பாஸ்வேர்டு வைப்பார். ஊர்ப் பெயர், பின்னால் நூற்றெட்டு. ஏகாதசியன்று விடிகாலையில் குளித்துவிட்டு முதல் வேலையாகப் பழையதை எடுத்துவிட்டு அடுத்த ஊரைப் போடுவார்.

"நடந்து போய் சேவிக்க எனக்குக் காலில்லே. கையாலே சேவிச்சுக்கறேன். தினம் நாலு தடவை அந்த ஊர் பேரை அடிக்கறேனோல்லியோ, அதுவும் ஒரு சேவைதான்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். என்னிடம் மட்டுமா சொன்னார்? பால்காரரிடம்கூடச் சொல்லியிருப்பார். அவருக்கு அதில் அத்தனை பெருமை.

இந்தச் சேவையால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒருமுறை உம்ரா கிளம்பிய வயதானவர்கள் திருச்சி ஜங்ஷனில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் விமானம் ஏறப் போக வேண்டிய ரயிலின் டிக்கெட் மாமியின் கணக்கில் இருக்கிறது. மாமி அன்று காலையில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். போன் ஆஃப். ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் எறிந்தார். கடைசியில் ஒரு ஆளைக் கோயிலுக்கே அனுப்பி, தாயார் சன்னதி வரிசையில் மாமியைத் தேடிப் பிடித்தோம். மறுநாள் ஹாஜியார் கத்தியதற்கு மாமி அசரவில்லை.

"உங்களாலே உள்ளே போக முடியலே இல்லையா? அப்போ திருடனாலேயும் முடியாது. சந்தோஷப்படுங்கோ" என்றார்.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். சிரித்துத் தொலைத்தால் வேலை போய்விடும்.

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. மாற்றிய அன்றைக்கே எனக்கு போன் செய்து புது ஊரைச் சொல்லிவிட வேண்டும். மாமி சொன்ன ஊர்களில் பாதி நான் கேள்விப்படாதவை. வரிசை எதுவும் எனக்குத் தெரியாது. அவர் சொல்வதை அடிப்பேன், அவ்வளவுதான். சொந்த மெயிலுக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருந்தார். "ரெண்டு ரெண்டா ஞாபகம் வெச்சுக்க நான் என்ன கம்ப்யூட்டரா?" என்று கேட்பார்.

கம்ப்யூட்டர் சரிசெய்ய வந்த ஆள் ஒருநாள் இதைக் கேட்டுவிட்டு, "அம்மா, சும்மா சும்மா மாத்துறதால ஒண்ணும் பிரயோஜனம் இல்லீங்க. யாராலயும் யூகிக்க முடியாத மாதிரி நீளமா ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற வைங்க. உள்ள போறப்பல்லாம் போனுக்கு ஒரு நம்பர் வர்ற மாதிரி போட்டுக்குங்க. யாராவது உள்ள வந்துட்டாங்கன்னு தெரிஞ்சா மாத்துங்க, போதும்" என்றார்.

"மாத்தாம வெச்சா ஊசிப்போயிடும்பா" என்று மாமி அவரைக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

மாமியின் இந்த மாற்றுகிற குணம் முதலில் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. அதற்குள்ளே இருந்த பயம் தெரிய நாளானது.

பெண்ணை உள்ளூரிலேயேதான் கொடுத்திருந்தார். கோயில் கைங்கரியம் செய்கிற நல்ல குடும்பம், பையன் கம்ப்யூட்டர் படித்தவன், வெற்றிலை போடுகிற பழக்கம்கூடக் கிடையாது. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக்கு வந்து, சம்மணம் போட்டுச் சாப்பிட்டு, மாமிக்கு ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்து, மெயிலைத் திறந்து கொடுத்து, முதல் பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்ததும் அவன்தான். அந்தப் பையன் பெண்டாட்டியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போவான் என்று யார் நினைத்தார்கள்? போனைப் பிடுங்கிக்கொள்வான். யாரிடம் பேசினாய் என்று மணிக்கட்டைப் பிடித்து முறுக்குவான். ஒருநாள் எலும்பு பிசகியது. அன்றைக்கு அக்கா கட்டின புடவையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். அக்கா என்று நான் சொல்வது மாமியின் பெண்ணை.

"விட மாட்டேன். எங்கே போனாலும் கூட்டிண்டு வந்துடுவேன்" என்று அவன் வாசலில் நின்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனானாம். கத்தியிருந்தால்கூட அத்தனை பயமாக இருந்திருக்காது என்று மாமி சொன்னார். போலீசுக்குப் போனார்கள், குடும்பத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பினார்கள்.

அதுவரை பாஸ்வேர்டை மட்டும் மாற்றிக்கொண்டிருந்த மாமிக்கு, அதன் பிறகுதான் எல்லாவற்றையும் மாற்றுகிற வெறி பிடித்தது. அக்காவை ஒரு ஊரில் லேடீஸ் ஹாஸ்டலில் சேர்த்தார். டிக்கெட் போட்டதும் மாமியே. ஹாஸ்டலுக்கு எழுதியதும் மாமியே. கொஞ்ச நாளில் ஹாஸ்டல் வாசலில் அவன் நின்றான். இடம் மாற்றினார்கள். புது இடத்தின் தெருமுனையில், பழக்கடைப் பக்கம் அவன் நின்றான். ஒன்றும் செய்யவில்லை. அக்காவைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினானாம். அக்கா அன்றிரவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"ஆர் சொல்றாடி அவனுக்கு? ஆருக்குமே தெரியாதே! எனக்கும் அவளுக்கும்தானே தெரியும்!" என்று மாமி மேஜையில் குனிந்து அழுதார். என்ன சொல்லித் தேற்றுவது?

ஒருநாள் அவன் எங்கள் ஆபீசுக்கே வந்தான். மாமி சாப்பிடப் போயிருந்த நேரம். நெற்றியில் திருத்தமான நாமம், கையில் லட்டு டப்பா.

"அம்மா நன்னா இருக்காளா? முழங்கால் வலி தேவலையா? நான் வந்தேன்னு சொல்லுங்கோ" என்றான். மேஜைமேல் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே பேசினான். நான் எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்தேன். அதைப் பார்த்துச் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் படியிறங்கியதும் அந்த டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். மாமி வந்து கேட்டதும் முகம் வெளிறிப்போய், முதல் வேலையாக பாஸ்வேர்டைத்தான் மாற்றினார். ஏகாதசிவரைகூடப் பொறுக்கவில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

அக்காவுக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அதற்குப் படித்த காலேஜிலிருந்து அசல் சான்றிதழ்கள் வேண்டும். காலையில் திருச்சிக்கு வந்து அதை வாங்கிக்கொண்டு, சாயங்கால ரயிலில் புது ஊருக்குப் போவதாகத் திட்டம். வீட்டுப் பக்கமே வரக்கூடாது. மாமி கோயிலிலிருந்து நேரே ஜங்ஷனுக்குப் போய்ப் பெண்ணை வழியனுப்புவார். டிக்கெட்டை முந்தின நாள் என் கண்ணெதிரே போட்டார். "இந்த ஊர் அவன் கண்ணுலே படக் கூடாது பெருமாளே" என்று திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விடிந்தால் ஏகாதசி.

மறுநாள் சாயங்காலம் நெருங்குகிற நேரத்தில் ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். காசிக்குப் போட்ட டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டும், வீட்டம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றார். மாமியின் கணக்கில் போட்ட டிக்கெட். புது ஊரை மாமி எனக்கு இன்னும் சொல்லவில்லை. போன ஏகாதசிக்கு நான் தங்கச்சி நிக்காஹுக்குப் போயிருந்ததால் அதுவும் தெரியாது. போன் போட்டேன், ஆஃப்.

"அன்பில்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டு தரம் மாத்தியிருப்பாங்களே, யா அல்லாஹ், நான் எங்க போய்த் தேடுறது?" என்று வாய்விட்டுப் புலம்பினேன்.

பெரியவர் நிமிர்ந்தார். "திவ்யதேசமா வெச்சிருக்கா? இதுக்கா முழிக்கறே? அன்பிலுக்கு அடுத்தது பேர்நகர். அதுக்கடுத்தது கண்டியூர். ரெண்டு தடவைன்னா கண்டியூர். எங்காத்துப் பேத்தி மழலையிலேயே ஒப்பிப்பாளே!"

கண்டியூர் நூற்றெட்டு என்று அடித்தேன். திறந்துகொண்டது.

பெரியவருக்கு வேலையை முடித்து அனுப்பினேன். அவர் வாழ்த்திவிட்டுப் போனது காதில் விழவில்லை. வழியோடு போகிற ஒரு மனிதர் நின்ற நிலையில் சொல்லிவிட்டாரே! கோயில் வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு, இலைக்கு முன்னால் உட்கார்ந்து மாமியின் பெருமையைக் கேட்டவனுக்கு, எவ்வளவு நேரமாகும்?

பிறத்தியார் மெயிலைத் திறப்பது தப்பு. திறந்தேன். அதே கண்டியூர் நூற்றெட்டு. எந்தெந்த போனிலிருந்து உள்ளே வந்திருக்கிறார்கள் என்று காட்டுகிற பக்கத்துக்குப் போனேன். ஒன்று மாமியின் பழைய போன். இன்னொன்று வேறு கம்பெனியின் விலை உயர்ந்த போன். மாமி விடிகாலையில் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார். அவர் ஈரத்தலையை முடிந்து கோயிலுக்குக் கிளம்பியிருக்கிற நேரத்துக்கு அந்த போன் உள்ளே வந்திருக்கிறது.

எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. மாமி ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அவன் வெளியே தள்ளப்பட்டிருக்கிறான். அடுத்த ஊரைப் போட்டுக்கொண்டு மறுபடியும் உள்ளே வந்திருக்கிறான். புது ஆள் நுழைந்தான் என்று வரும் எச்சரிக்கை மெயிலையும் அவனே அழித்திருப்பான். ஹாஸ்டல் விலாசம், வீட்டு விலாசம் எல்லாம் இந்த வழியாகத்தான் போயிருக்கிறது. மெயில் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே இன்றைய ரயில் டிக்கெட் கிடந்தது. அவனை அப்போதே வெளியே தள்ளியிருக்கலாம். தள்ளினால் உஷாராகிவிடுவான் என்று தொடாமல் விட்டேன். அக்காவின் நம்பர் என்னிடம் இல்லை. புது சிம்மின் நம்பரை மாமி யாருக்கும் கொடுக்கவில்லை. ஹாஜியாரிடம் "அவசரம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படியிறங்கி ஆட்டோ பிடித்தேன்.

மெயின்கார்டு கேட் நெரிசலில் ஆட்டோ நகரவே இல்லை. "அண்ணே, சந்துல பூந்து போங்கண்ணே!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்து, "ரயிலு உங்களுதாம்மா?" என்றார். "என் அக்காவோடது" என்றேன். அதற்கப்புறம் அவர் ஓட்டிய ஓட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஜங்ஷன் வாசலில் ஆட்டோக்களுக்கு அந்தப் பக்கம், மர நிழலில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். நல்லவேளை, இன்னும் உள்ளே போகவில்லை. மாமி விரத வாட்டத்திலும் சிரித்தபடி பெண்ணின் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள போகாதீங்க மாமி. அக்கா, நீங்க இங்கேயே நில்லுங்க" என்றேன். மேற்கொண்டு பேச மூச்சில்லை. பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, புர்காவின் முகத்திரையை இழுத்துவிட்டு உள்ளே போனேன். அவனுக்கு என் முகம் தெரியும்.

பெட்டி எங்கே நிற்கும் என்று காட்டும் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எஸ் ஒன்று, எஸ் இரண்டு, எஸ் மூன்று. எஸ் நான்கு என்ற பலகைக்கு நேர் கீழே அவன் நின்றிருந்தான். அக்காவின் பெட்டி அது. அயர்ன் செய்த சட்டை, தோளில் ஒரு சின்னப் பை. அவனும் எங்கோ பயணம் போகிறவன் போலத்தான் இருந்தான். கடலையை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றுகொண்டு, வருகிற பெண்கள் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். என் திரையையும் பார்த்தான். நான் குழந்தையைத் தேடுகிறவள் போல அவனைத் தாண்டிப் போய், பாலத்தில் ஏறிச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

சொன்னேன். மாமி நம்பவில்லை.

"இன்னிக்குக் காலம்பறதானேடி மாத்தினேன்!"

"நீங்க மாத்தின கையோட உள்ள வந்திருக்கான் மாமி. அடுத்த ஊர் எதுன்னு அவனுக்கு மனப்பாடம். கண்டியூர்தானே? எனக்கே ஒரு பெரியவர் சொல்லிட்டாரே!"

மாமியின் கையிலிருந்து மிச்சப் பூ கீழே விழுந்தது.

"நான் சேவிச்சிண்டிருக்கேன்னு நெனச்சேன். அவனுக்கு வழி சொல்லிண்டிருந்திருக்கேன்" என்றார். அவ்வளவுதான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை என்று இருந்தது.

அக்காதான் முதலில் தேறினார். "ரயில் வேண்டாம்மா. கம்பெனிக்கு வேற ஊர்லேயும் ஆபீஸ் இருக்கு. பேசி மாத்திக்கறேன். பஸ்ஸிலே போயிடறேன்" என்றார்.

அப்போதெல்லாம் வெளியூர் பஸ்கள் ஜங்ஷனுக்குப் பக்கத்து மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்துதான் கிளம்பும். அக்காவை நடுவில் விட்டு நானும் மாமியும் இரண்டு பக்கமும் நடந்தோம். ஒவ்வொரு அயர்ன் சட்டையைப் பார்க்கும்போதும் மாமி என் முழங்கையை இறுக்கினார். நகம் பதிந்தது.

பேருந்து நிலையத்துக்குள் நுழைந்ததும் மாமி நின்றுவிட்டார். "நான் இதுக்கு மேலே வரலே. எந்த ஊருன்னு எனக்குச் சொல்லாதே."

"அம்மா, பாஸ்வேர்டுதானே? இவ நாளைக்கே சரி பண்ணிடுவா. போய்ச் சேர்ந்ததும் உனக்கு மட்டும்..."

"வேண்டாம். என் புத்தியெல்லாம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் எதை எங்கே வெப்பேன், எதுக்கடுத்து எதை எடுப்பேன், எல்லாம் தெரியும். எனக்குத் தெரிஞ்சா அவனுக்குத் தெரிஞ்சாப்பலே. நீ நன்னா இருக்கேன்னு இவகிட்டே சொல்லு, இவ எனக்குச் சொல்லட்டும். அது போதும்."

"அதெல்லாம் சரி பண்ணிடலாம் மாமி" என்று நானும் கெஞ்சினேன். எனக்குக் கோபம் வந்தது. பெற்ற பெண் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் ஒரு தாய் இருப்பாளா? ஆனால் மாமி பெண்ணின் கன்னத்தை இரண்டு கையாலும் ஒருமுறை வழித்துவிட்டு, "போ, சீக்கிரம் ஏறு" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய் ஒரு பஸ்ஸில் ஏறினார். மாமி அந்தப் பக்கம் முதுகைக் காட்டி, ஜூஸ் கடையின் சுவரைப் பார்த்து நின்றார். பஸ்ஸின் ஊர்ப்பலகை கண்ணில் படாதிருக்க அப்படி நின்றார். கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூவ ஆரம்பித்தார். மாமி இரண்டு காதையும் கையால் அழுத்திப் பொத்திக்கொண்டார். பொத்தியது போதாமல் பெருமாள் பெயரை உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முதுகையே பார்த்தபடி போனார். பலகையை நான் படித்தேன்.

பஸ் வாசலைத் தாண்டி ரோட்டில் திரும்பிக் கண்ணுக்கு மறைந்த பிறகும் மாமி அப்படியே நின்றிருந்தார். நான் போய்த் தோளைத் தொட வேண்டியிருந்தது.

"போயிட்டாளா?"

"போயிட்டாங்க மாமி."

காதிலிருந்து கையை எடுத்தார். ஏதோ கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். பிறகு வேறொன்று கேட்டார்.

"ஜன்னலோரம் எடம் கெடச்சுதாடி அவளுக்கு?"

"கெடச்சுது மாமி" என்றேன்.